மின்னில் பிறந்த இசை

நுழையும்முன்

தமிழர் தம் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகைப்படுத்தினர். தோலும் துளையும் நரம்பும் உலோகமும் அதிர்ந்து ஒலி எழுப்புவதால் இப்பெயர்கள் அமைந்தன. இருபதாம் நூற்றாண்டில் இந்நான்கிலும் அடங்காத ஒரு கருவி தோன்றியது. அதனுள் அதிர்வது மின்சாரம். சிந்தசைசர் எனப்படும் அக்கருவி ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் நுழைந்த வரலாற்றையும், நம் நாட்டு இசையறிவு அதனை வயப்படுத்திய முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

மின்சாரத்தின் முரல்வு

ஊர் அடங்கிய இரவில் நெல்லிக்குப்பத்தின் தெருமுனை மின்மாற்றிக்குச் சற்றுத் தொலைவில் நின்று செவிமடுத்தால், வண்டு முரல்வது போன்ற ஓர் ஓசை இடையறாது கேட்கும். அதே கடலூர் மாவட்டத்தின் நெய்வேலியில் 1962ஆம் ஆண்டு முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கப்படுகிறது. அங்கு ஆக்கப்படும் மின்சாரமும் பிற நிலையங்களின் மின்சாரமும் ஒரே மின்தொகுப்பில் கலந்து ஊர்தோறும் சென்று சேர்கின்றன. நம் நாட்டின் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் இருமுறை மிக நுண்ணிதாக நீண்டு சுருங்குகிறது. எனவே, நொடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட ஓசை பிறக்கிறது. ஆண் ஒருவரின் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் ஏறத்தாழ இவ்வளவே.

மின்மாற்றி ஒரே சுரத்தை மட்டும் முரலும். அதனை ஏற்றவும் இறக்கவும் இயலாது. மின்சாரத்தின் அலைவை விரும்பியவாறு விரைவுபடுத்தவும் மெதுவாக்கவும் முடிந்து, அதனை ஒலிபெருக்கியின் வழியே கேட்கவும் முடிந்தால், அந்த முரல்வே பாட்டாகும். மின்னணு இசைக்கருவிகள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை.

மகுடி வாசித்தவர் யார்?

1954ஆம் ஆண்டு வெளிவந்த 'நாகின்' என்னும் இந்தித் திரைப்படத்தின் இசை நாடெங்கும் புகழ்பெற்றது. ஏமந்த குமார் இசையமைத்த அப்படத்தில் ஒலிக்கும் மகுடி இசை, பாம்பாட்டியின் குழலிலிருந்து பிறந்ததாகவே கேட்டவர் பலரும் நம்பினர். உண்மையில் அதில் பெரும்பங்கு வகித்தது கிளாவியோலின் என்னும் சிறிய மின்னணு விசைப்பலகை. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய அக்கருவியைப் பிரான்சு நாட்டின் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947ஆம் ஆண்டில் உருவாக்கினார். 'நாகின்' படத்திற்காக அதனை வாசித்தவர், பின்னாளில் கல்யாண்ஜி - ஆனந்த்ஜி இணையரில் ஒருவராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி.

கிளாவியோலினுக்குப் பாம்பும் தெரியாது, மகுடியும் தெரியாது. மகுடியின் ஓசை எவ்வாறு நெளியும், எவ்விடத்தில் இழையும், எவ்விடத்தில் நடுங்கும் என்பதை வாசித்தவரின் செவி அறிந்திருந்தது. அச்செவி கேட்டபடி விரல்கள் கருவியை இயக்கின. மின்னணு இசையின் இந்திய வரலாறு நெடுகிலும் இவ்வுண்மை திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது.

ஒலியைக் கட்டும் முறை

கிளாவியோலின் போன்ற கருவிகளில் முன்னரே அமைக்கப்பட்ட சில ஒலிகள் மட்டுமே இருந்தன. ஒலியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேண்டியவாறு மீண்டும் இணைக்கும் கருவியை அமெரிக்கப் பொறியாளர் இராபர்ட் மூக், இசையமைப்பாளர் எர்பர்ட் டாய்ச்சுடன் இணைந்து 1964ஆம் ஆண்டில் வடிவமைத்தார். அதற்கு டிரான்சிஸ்டர்கள் துணைசெய்தன. 'இணைத்து உருவாக்குவது' என்னும் பொருளில் இத்தகைய கருவி சிந்தசைசர் எனப் பெயர் பெற்றது.

அதன் முதல் உறுப்பு அலையியற்றி. இது மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றி இறக்கி அலைகளை உண்டாக்கும். அலையின் வடிவத்திற்கேற்ப ஒலியின் பண்பு மாறும். அரம்பத்தின் பல்லைப் போன்ற வடிவுடைய அலையில் அடிப்படைச் சுரத்துடன் எல்லா மேற்சுரங்களும் கலந்திருக்கும். அது கூர்மையாக ஒலிக்கும். சதுர வடிவ அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே இருக்கும். அது உட்குடைவான குழலின் ஓசையை நினைவூட்டும்.

இரண்டாம் உறுப்பு வடிப்பான். 'ஆ' என்று ஒலித்துக்கொண்டே உதடுகளைக் குவித்தால் அது 'ஊ' என மாறுவதைக் காணலாம். குரல்வளையின் அதிர்வு மாறவில்லை. வாயின் வடிவம் மாறியதால் சில மேற்சுரங்கள் அடங்கின. வாய் செய்யும் இப்பணியையே வடிப்பான் செய்கிறது.

மூன்றாம் உறுப்பு பெருக்கி. வீணையின் தந்தியை மீட்டியவுடன் ஒலி சட்டென எழுந்து மெல்லத் தேய்கிறது. குழலின் ஒலியோ மூச்சு உள்ளவரை நிலைத்து நிற்கிறது. ஒலி எழுவதையும் நிற்பதையும் தேய்வதையும் வரையறுத்து, பெருக்கியின் வழியே அதற்கு உருவம் தருவதற்கும் தனிச் சுற்று உண்டு. இவ்வுறுப்புகள் தொடக்கத்தில் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தன. அவற்றை இசைக்கலைஞர் கம்பிகளால் இணைத்தார்.

மூக்கின் கருவி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலித்தது. எனவே, வெண்டி கார்லோஸ் செருமானிய இசைமேதை பாக்கின் படைப்புகளை அக்கருவியில் வாசித்தபோது, ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே பல தட ஒலிநாடாவில் பதிந்து அடுக்கினார். 1968ஆம் ஆண்டு வெளிவந்த அவ்விசைத்தட்டு உலகின் செவிகளைத் திருப்பியது. மேடையில் ஒருவர் ஒரே நேரத்தில் வாசிக்க இயலாத இசை, ஒலிப்பதிவுக் கூடத்தில் இயன்றது. 1970ஆம் ஆண்டில் வந்த 'மினிமூக்', இணைப்புக் கம்பிகளின் தேவையை நீக்கி, எடுத்துச்செல்லத்தக்க அளவில் அமைந்தது.

சுரங்களுக்கு இடைப்பட்ட வழி

இந்திய இசையில் சுரங்கள் தனித்தனிப் படிகளாக மட்டும் நிற்பதில்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியும், ஒரு சுரத்தைச் சுற்றி அசையும் அசைவும் இராகத்திற்கு உயிர் தருகின்றன. இவ்வசைவே கமகம் எனப்படுகிறது. வீணையில் தந்தியை மெட்டின்மேல் இழுத்தும், நாகசுரத்தில் மூச்சையும் விரலையும் நுட்பமாக ஆண்டும் இதனைப் பெறுகின்றனர். ஆர்மோனியத்தின் கட்டைகள் படிகளை மட்டுமே தருவன. அதனாலேயே 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. அத்தடை முப்பது ஆண்டுகள்வரை நீடித்தது.

சிந்தசைசரும் கட்டைகள் கொண்ட கருவிதான். ஆயினும், அதன் உள்ளமைப்பு வேறு. மூக்கின் முறையில் மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் அதிர்வெண் இருமடங்காகும். அதாவது, சுரம் ஒரு தாயி மேலே செல்லும். ஒரு தாயியில் பன்னிரண்டு சுரத்தானங்கள் இருப்பதால், அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு வேறுபாடு உண்டு. மின்னழுத்தமோ மலைச்சரிவைப் போன்றது. இரு கட்டைகளுக்கு இடையில் அது எந்த அளவிலும் நிற்கக்கூடும். ஒரு திருகைத் திருப்பினால், மின்தேக்கி ஒன்று சிறிது சிறிதாக மின்னேற்றம் பெற, மின்னழுத்தம் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு வழுக்கிச் செல்லும். சுரமும் அவ்வாறே வழுக்கிச் செல்லும்.

தொடர்ந்து மாறும் மின்னழுத்தத்தால் இயங்குவதால் இக்கருவிகள் 'அனலாக்' எனப்பட்டன. ஒலியை எண்களாக மாற்றிக் கையாளும் பிற்கால இலக்கமுறைக் கருவிகளிலிருந்து இவை இவ்வகையில் வேறுபடுகின்றன. அனலாக் கருவிகளுக்கு ஒரு குறையும் உண்டு. வெப்பம் மாறினால் மின்னுறுப்புகளின் இயல்பும் சற்று மாறும், சுருதி நழுவும். தம்புராவையும் மிருதங்கத்தையும் போலவே தொடக்கக் கால அனலாக் கருவிகளையும் வாசிக்குமுன் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது.

அகமதாபாத்தின் ஒலிக்கூடம்

அகமதாபாத்தில் 1961ஆம் ஆண்டில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அங்கு 1969ஆம் ஆண்டில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் துணையுடன் மூக் சிந்தசைசர் ஒன்று நிறுவப்பட்டது. அதற்குமுன் ஒரு தொடர்பு இருந்தது. பக்கவாத்தியம் என்று நாம் கூறும் தாளக் கருவிகளுள் வடநாட்டில் சிறந்து விளங்கிய பகவாஜை வாசித்த கீதா சாராபாய், 1940களில் அமெரிக்கா சென்று இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் மேலைநாட்டு இசையைக் கற்றார். அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். கொடுத்தும் பெற்றும் வளர்ந்த அந்நட்பு, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒரு புதுமைக் கருவி இந்தியாவுக்கு வரும் சூழலை உருவாக்கியது.

கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அக்கூடத்தில் மின்னிசையை ஆக்கினர். ஒலிநாடாக்களில் பதிந்தனர். 1970களின் தொடக்கத்தில் அம்முயற்சி ஓய்ந்தது. நாடாக்கள் காப்பறையில் கிடந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், இலண்டனைச் சேர்ந்த கலைஞர் பால் பர்காஸ் அந்நாடாக்களைத் தேடிக் கண்டெடுத்தார். 2023ஆம் ஆண்டில் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு வெளிவந்தது. இந்தியாவில் மின்னிசை பிற்காலத்தில் திரைப்படத்தின் வழியே மட்டும் வந்தது என்னும் எண்ணம் அதனால் மாறியது.

பத்து இராகங்கள்

மும்பைத் திரையிசைக் குழுக்களில் கித்தார் வாசித்தவர் சரண்ஜித் சிங். அவர் 1982ஆம் ஆண்டில் சப்பானிய நிறுவனமான ரோலண்டின் மூன்று கருவிகளைக் கொண்டு ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். 'ஜுபிட்டர் 8' சுரங்களை இசைத்தது, 'டி.ஆர். 808' தாளம் தந்தது, 'டி.பி. 303' அடிச்சுரங்களை ஓடவிட்டது. டிஸ்கோ தாளத்தின்மேல் பத்து இந்துத்தானி இராகங்கள் அத்தட்டில் ஒலித்தன. அவற்றுள் பூபாலி நம் மோகனத்தையும், மால்கௌன்ஸ் இந்தோளத்தையும், யமன் கல்யாணியையும் ஒத்தவை. மோகனமே சிலப்பதிகாரம் குறிப்பிடும் முல்லைத்தீம்பாணி என்பது இசையறிஞர் பலரின் கருத்து. ஆயர்குலப் பெண்கள் குரவையாடிய பண்ணின் வழித்தோன்றல் மின்சுற்றில் ஒலித்தது என்று இதனைக் கருதலாம்.

'டி.பி. 303' கருவி, கித்தார் கலைஞர் தனியே பயிலும்போது அடிச்சுரம் வாசிக்கத் துணையாக வடிவமைக்கப்பட்டது. அப்பணிக்கு அது பொருந்தவில்லை, விற்பனையும் சரிந்தது. ரோலண்ட் நிறுவனம் சில ஆண்டுகளிலேயே அதன் ஆக்கத்தை நிறுத்தியது. ஆனால், சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கும் வசதி அதில் இருந்தது. இராகம் அறிந்த ஒருவரின் கையில் அவ்வசதி பொருள் பெற்றது. பின்னர், அமெரிக்காவின் சிகாகோ நகர இளைஞர்கள் பழைய விலைக்குக் கிடைத்த அதே கருவியின் திருகுகளைத் திருப்பி 'ஆசிட் அவுஸ்' என்னும் நடன இசையைப் படைத்தனர். அவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படும் இசைத்தட்டு வெளிவந்தது 1987ஆம் ஆண்டில். சரண்ஜித் சிங் அதற்கு ஐந்தாண்டுகள் முந்தியவர்.

அவருடைய தட்டு அன்று விலைபோகவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர் எடோ பௌமன் 2002ஆம் ஆண்டில் தில்லிக் கடையொன்றில் அதனைக் கண்டார். 2010ஆம் ஆண்டில் அது மறுபதிப்பாக வெளிவந்தது. முதுமையில் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அவ்விசையை வாசித்து, 2015ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் காலத்திலேயே அவருக்குப் பாராட்டுக் கிடைத்தது. ஆயினும், அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

கோடம்பாக்கத்தில் சிந்தசைசர்

தமிழ்த் திரையிசை, பெரும் இசைக்குழுக்களால் வளர்ந்தது. வயலின்கள் அணியணியாய் அமர, குழலும் வீணையும் தபேலாவும் உடனிருக்க, பாடகரும் குழுவினரும் ஒன்றாய்ச் சேர்ந்து பாடலைப் பதிவு செய்தனர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அக்குழுவினுள் சிந்தசைசர் ஓர் உறுப்பினராக இடம்பெற்றது. இளையராஜாவின் இசையில் 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'புன்னகை மன்னன்' திரைப்படத்தில் கணினி வழி இசைக்கோவை முறையும் பயன்பட்டது.

இம்மாற்றத்தினூடே வளர்ந்தவர் ஏ.ஆர். ரகுமான். அவருடைய தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையிசையில் பணியாற்றியவர். ரகுமானின் ஒன்பதாம் வயதில் தந்தை மறைந்தார். வீட்டிலிருந்த இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுத்தே குடும்பம் காலம் தள்ளியது. அவ்வகையில், பிறர்க்கு வியப்பளித்த மின்கருவி அச்சிறுவனுக்கு உணவளித்த கருவியாயிற்று. இளமையிலேயே இளையராஜா முதலான இசையமைப்பாளர்களின் குழுக்களில் கீபோர்டு வாசித்த அவர், 1989ஆம் ஆண்டில் கோடம்பாக்கத்தில் தம் வீட்டருகே 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992ஆம் ஆண்டில் 'ரோஜா' வெளிவந்தது. அதற்குள் இலக்கமுறைக் கருவிகளின் காலம் தொடங்கிவிட்டது.

வரவும் இழப்பும்

1983ஆம் ஆண்டில் யமாகா நிறுவனத்தின் 'டி.எக்ஸ். 7' என்னும் இலக்கமுறைச் சிந்தசைசர் சந்தைக்கு வந்தது. சுருதி நழுவாத அக்கருவி பல்லாயிரக்கணக்கில் விற்றது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் 'மிடி' என்னும் பொதுமுறையும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அனலாக் கருவிகள் பழம்பொருள்களாயின. ஒலிப்பதிவுக் கூடங்கள் அவற்றை மூலையில் தள்ளின.

மின்கருவிகளின் வரவு எல்லார்க்கும் இனிதாக அமையவில்லை. ஒரு கீபோர்டு பல வயலின்களின் இடத்தை நிரப்பியபோது, அவ்வயலின்களை வாசித்தவர்க்கு வேலை குறைந்தது. 1982ஆம் ஆண்டில் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் இலண்டன் கிளையொன்று சிந்தசைசருக்குத் தடை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. அக்கோரிக்கை நகைப்புக்குரியதன்று. வாழ்நாள் முழுதும் பயின்ற கலை ஒரே இரவில் தேவையற்றதாகும்போது எழும் அச்சம் அது. இன்றும் புதிய கருவிகள் வரும்போது அவ்வச்சம் எழுகிறது. ஒரு கருவியின் வரவைப் போற்றும் சமூகம், அதனால் இடம் இழப்போரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தெரியுமா?

பொறியாளர் டேவ் சுமித், ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குத்தாரோ கக்கேஹாசி ஆகிய இருவரும் 'மிடி' முறையை உருவாக்கியமைக்காக 2013ஆம் ஆண்டில் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருதினைப் பெற்றனர். போட்டி நிறுவனங்களைச் சேர்ந்த அவர்கள், ஒரு பொதுமொழி வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர்.

யாழ் தரும் பாடம்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை குழலோன், யாழாசிரியன், தண்ணுமையோன் ஆகியோர் பெற்றிருக்க வேண்டிய தகுதிகளை விரிவாகக் கூறுகிறது. கருவியின் சிறப்பைக் காட்டிலும் அதனைக் கையாள்வோரின் புலமைக்கு இளங்கோவடிகள் முதன்மை தந்தார். கிளாவியோலினை மகுடியாக்கிய கல்யாண்ஜியும், விலைபோகாத கருவியில் இராகம் கண்ட சரண்ஜித் சிங்கும் அம்மரபினரே. கருவி புதியதாயினும் அதற்கு வழிகாட்டிய செவி பழையது.

ஆயினும், புலமை மட்டும் போதாது, பேணலும் வேண்டும். இளங்கோவடிகள் பாடிய யாழ் பின்னர் வழக்கொழிந்தது. அதன் அமைப்பையும் நரம்புகளின் முறையையும் நூற்சான்றுகளிலிருந்தும் கணக்கிலிருந்தும் மீட்டெடுக்க விபுலானந்த அடிகள் பல்லாண்டுகள் உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாகிய 'யாழ்நூல்' 1947ஆம் ஆண்டில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. யாழின் வடிவை அவரால் மீட்க முடிந்தது. சங்கப்பாணர் மீட்டிய இசையை மீட்க எவராலும் இயலாது. அது பதியப்படாத ஒலி.

சென்ற நூற்றாண்டின் இசை நமக்கு அவ்வாறு மறைய வேண்டியதில்லை. அது நாடாக்களில் பதியப்பட்டுள்ளது. ஆனால், ஈரமும் வெப்பமும் நிறைந்த நம் நாட்டில் காந்த நாடாவின் பூச்சு உதிர்கிறது, பூஞ்சணம் படர்கிறது. கருவிகளைப் பழுதுபார்க்க அறிந்தோரும் குறைந்து வருகின்றனர். அகமதாபாத்தின் நாடாக்களும் சரண்ஜித் சிங்கின் தட்டும் தற்செயலாகத் தப்பிப் பிழைத்தவை. எறியப்பட்டவை எத்தனை என எண்ணுவார் இல்லை. ஒரு காலம் மதிக்காத ஒலியை மற்றொரு காலம் மதிக்கக்கூடும். அக்காலத்தின் செவிகள் வந்து சேரும்வரை ஒலியைக் காத்துவைப்பது, கேட்டு மகிழ்ந்தவரின் கடமையாகும். பரண்மேல் கிடக்கும் பழைய ஒலிநாடாவை எடுத்தெறியுமுன் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதிலிருந்து அக்கடமை தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. 'ஆ' என ஒலித்துக்கொண்டே உதடுகளைக் குவித்து, ஒலியின் பண்பு மாறுவதை உற்றுநோக்குக. சிந்தசைசரின் எவ்வுறுப்பு இப்பணியைச் செய்கிறது என்பதை விளக்கி எழுதுக.

2. உங்கள் ஊரின் மெல்லிசைக் குழுவிலோ நாகசுரக் குழுவிலோ வாசிக்கும் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, மின்கருவிகளின் வரவால் அவர் தொழிலில் ஏற்பட்ட மாற்றங்களைக் கேட்டறிந்து, நேர்காணலாகத் தொகுக்க.

3. 'புதிய கருவிகள் கலையை வளர்க்கின்றனவா, கலைஞரை வருத்துகின்றனவா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.